கொழும்பில் எல்லோரும் சேர்ந்து நடக்கக்கூடிய காட்டுப் பாதைகள்: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு காட்டு நடை. போகிறவர்கள் ஐந்து பேர். முழங்கால் தேய்ந்துபோன அம்மாவுக்கு வயது 72. அக்காவின் மூத்தவன் சக்கர நாற்காலியில் வருவான். அவனுடைய தங்கைக்கு 5 வயது, நடப்பதைவிட ஓடுவதுதான் அதிகம். பிறகு அக்கா, நான். அத்தானுக்கு வேலை இல்லாத நாளென்றால் ஆறு பேர். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு "எல்லாரும் ஒண்டாப் போக எங்க காடு இருக்கு?" என்று தொடக்கத்தில் அம்மாவே கேட்டார். இருக்கிறது. அரை மணித்தியாலத் தூரத்திலேயே இருக்கிறது.

"சுலபமான பாதை" என்று யாராவது சொன்னால், யாருக்குச் சுலபம் என்று நான் இப்போது திருப்பிக் கேட்கிறேன். 2 கிலோமீற்றர் சமதரை இளைஞனுக்கு ஒன்றுமேயில்லை. அதே பாதையில் உட்கார ஒரு வாங்கு இல்லையென்றால் அம்மாவுக்கு அது மலை. ஒரே ஒரு படி இருந்தால் மருமகனுக்கு அது சுவர். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கில்தான் போகிறது: கூட்டத்தில் மிக மெதுவாகப் போகிறவர் யாரோ, அவருக்கு ஏற்றபடி இடம், நேரம், வண்டி, தூரம் எல்லாவற்றையும் தீர்மானியுங்கள். மற்றவர்கள் அவரோடு நடப்பார்கள்.

முதல் படி: வருகிறவர்களை எழுதுங்கள், இடத்தை அல்ல

ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்கள் எழுதுங்கள். நிற்காமல் எவ்வளவு நேரம் நடக்க முடியும்? எத்தனை படி ஏற முடியும்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மலசலகூடம் வேண்டும்? மூன்றாவதைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். ஆனால் வயதானவர்கள் பலர் நடைக்கு வராமல் வீட்டில் தங்கிவிடுவதற்கு அதுதான் உண்மைக் காரணம். நேராகக் கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், "எனக்கு வெயில் ஒத்துவராது, நீங்கள் போய்வாங்கோ" என்று முடித்துவிடுவார்கள்.

முதல் கேள்விக்கு ஆட்கள் சொல்லும் பதிலை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மாலை உங்கள் தெருவில் சேர்ந்து நடந்து பாருங்கள். பேசிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். முழு வசனம் ஒன்றை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறவரை வேகம் சரி. பாதி வசனத்தில் நிறுத்தினால் வேகம் கூடிவிட்டது. வீட்டுத் தெருவில் 20 நிமிடம் நடக்கிறவருக்குக் காட்டில் 15 நிமிடம் என்று வையுங்கள், ஈரக் காற்றும் ஒழுங்கில்லாத தரையும் மீதியை எடுத்துக்கொள்ளும். எங்கள் கூட்டம் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்தான் போகும். அதற்கு மேல் நான் திட்டம் போடுவதில்லை.

இரண்டாம் படி: இடம்

கொழும்பின் காடு உலர்ந்த மேட்டில் நிற்கும் காடு இல்லை. அது சதுப்பும் மரமும் கலந்த காடு. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தச் சதுப்புகள் வெறும் அழகுக்காக இருப்பவை அல்ல. 2010 நவம்பரில் பெய்த மழையில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மழைநீரைப் பிடித்துவைக்கும் தாழ்நிலங்களை நிரப்பிக் கட்டடம் எழுப்பிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை அன்று நகரம் முழுவதும் பார்த்தது. மிஞ்சியிருக்கும் சதுப்புகளில் சிலவற்றில் இன்று நாம் கால் நனையாமல் நடக்கலாம். தண்ணீர் மட்டத்தை ஒட்டியே பாதை போவதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சதுப்பு தந்த வசதி அது.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கறுவாத்தோட்டத்தில் மாநகர சபைக்கு எதிரே இருக்கும் விகாரமகாதேவி பூங்கா. முன்பு விக்டோரியா பூங்கா என்று பெயர். இது காடு இல்லை என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். சரி, காடு இல்லைதான். ஆனால் பெரிய மரங்களின் நிழலில் அகலமான, சமமான பாதை இருக்கிறது, வாங்குகள் இருக்கின்றன, நடுவில் களைத்துப்போனால் சில நிமிடத்தில் வீதிக்கு வந்து ஓட்டோ பிடிக்கலாம். உங்கள் கூட்டத்தின் உண்மையான வேகத்தை ஆபத்தில்லாமல் அறிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இங்கே ஒரு மணித்தியாலம் நன்றாகப் போனால் அடுத்த இடத்துக்குப் போகலாம்.

அடுத்த இடம் பத்தரமுல்லையில் தியவன்னா ஓயாவை ஒட்டிய தியத்த உயன. நடைபாதை கட்டப்பட்டது, தண்ணீர் பக்கத்திலேயே, சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. மர அடர்த்தி குறைவு என்பதால் வெயில் ஏறமுன் போக வேண்டும். மாலையில் சனம் அதிகம். சத்தமும் நெரிசலும் தாங்காத பிள்ளைகள் இருந்தால் காலையை மட்டும் வையுங்கள்.

இப்போது உண்மையான காட்டுக்கு வருவோம். கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த இடம். சுமார் 18 ஹெக்டேயர். நுழைவுச்சீட்டு உண்டு. சதுப்புக்கு மேலால் பலகைப் பாதை போகிறது, இருபக்கமும் மரங்கள் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கின்றன. அவற்றில் நிறைய 'வெல் ஆத்தா' என்று சிங்களத்தில் சொல்லும் மரம். சீத்தாப்பழம் போலக் காய்க்கும், ஆனால் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத, மற்றவற்றை நெருக்கிப் பரவும் இனம். பாதையில் நின்று இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும், மீன்கொத்தி வரும், நீலத்தாழைக்கோழி நீளக் கால்களால் புல்லை விலக்கிக்கொண்டு நடக்கும், எங்கோ செண்பகம் குழைந்து கூவும். கபரகொய்யா என்னும் நீர் உடும்பு ஒன்று பாதைக்குக் குறுக்கே படுத்திருக்கும். அது பெரிதாக இருந்தாலும் வழி விட்டால் தானாகப் போய்விடும். மீன்பிடிப் பூனை வாழும் ஈரநிலங்கள் இவை. அது இரவில் நடமாடும் மிருகம், நாங்கள் இன்னும் கண்டதில்லை. மருமகன் ஒவ்வொரு முறையும் சேற்றில் அதன் கால்தடத்தைத் தேடுவான்.

பறவை பார்க்கும் கோபுரத்துக்கு ஏணிப்படிகள் உண்டு. ஏற முடியாதவரைக் கீழே தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போய் அரை மணித்தியாலம் நிற்கும் காட்சியைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மிகவும் கவலையாக இருக்கும். முறை வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் ஒருவர் கீழே இருக்கட்டும்.

தலவத்துகொடையில் தியசரு பூங்கா இதே குணம், இன்னும் பரந்தது, பலகையைவிட மண்பாதை கூடுதல். நடக்கக் கொஞ்சம் தெம்பு உள்ளவர்களுக்கும், பறவை பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கும் இதுவே சிறந்தது. மழைக்கு அடுத்த நாள் சக்கர நாற்காலியோடு போக நான் சொல்லமாட்டேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு முழுநாள் என்றால் இரண்டு இடங்கள். ஒன்று கம்பஹாவில் ஹெனரத்கொடை தாவரவியல் பூங்கா. 1876இல் தொடங்கியது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக இலங்கைக்கு வந்த இரப்பர் கன்றுகள் முதன்முதலில் வேரூன்றியது இங்கேதான். மலையகத் தமிழர்களில் எத்தனையோ பேரின் பாட்டன் பூட்டன் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். அந்தக் கதை தொடங்கிய மண்ணில் பேரப்பிள்ளைகளோடு மெதுவாக நடப்பது வெறும் பொழுதுபோக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் சமதரை, பெரிய மரங்கள், பக்கத்தில் அத்தனகலு ஓயா. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து புகையிரதத்தில் கம்பஹா வந்து அங்கிருந்து ஓட்டோவில் போகலாம்.

மற்றது நிட்டம்புவவுக்குப் பக்கத்தில் ஹொரகொல்லை தேசிய பூங்கா. 2004இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 13 ஹெக்டேயரைச் சற்றுத் தாண்டும், நாட்டின் மிகச் சிறிய தேசிய பூங்காக்களில் ஒன்று. தாழ்நில மழைக்காடு என்றால் என்ன என்று சிங்கராஜா வரை போக முடியாதவர்கள் உணர்ந்துகொள்ள இந்தச் சிறு துண்டு போதும். ஆனால் இது இயற்கைத் தரை: வேர், இலைச்சருகு, ஈரம். ஊன்றுகோலோடு மெதுவாக நடப்பவருக்கு முடியும், கைத்தாங்கலுக்கு ஒருவர் கூடவே வரவேண்டும். சக்கர நாற்காலிக்கு இதை நான் சேர்க்கவில்லை.

இங்கிரிய பக்கம் போதிநாகலைக் காட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பறவை பார்ப்பவர்களுக்கு அது புண்ணிய தலம் மாதிரி. இலங்கையில் மட்டுமே வாழும் பச்சைச் சொண்டுச் செண்பகத்தைத் தேடி அங்கே போவார்கள். ஆனால் ஏற்றம் உண்டு, அட்டை உண்டு, பிக்குகள் தவம் இருக்கும் ஆச்சிரமம் என்பதால் அமைதியும் ஒழுங்கான உடையும் வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்களோடு முதல் வருடத்தில் போக வேண்டாம்.

மூன்றாம் படி: ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். இதைத்தான் நான் கெஞ்சிக் கேட்பேன், தாண்ட வேண்டாம்.

ஒருமுறை ஓர் இடத்துக்கு, பெயர் வேண்டாம், வான் பிடித்து ஐந்து பேரும் போனோம். பாதை அருமை என்று கேள்விப்பட்டிருந்தோம். வாசலில் மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க இரும்புக் கம்பியை வளைத்து நட்டிருந்தார்கள். நாற்காலி அதற்குள்ளால் போகாது. பக்கத்துக் கேட்டின் சாவி வைத்திருந்தவர் அன்று லீவு. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. "மாமா, நீங்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் அம்மம்மாவோட இருக்கிறன்" என்றான். அவனுக்கு அப்போது 9 வயது. அன்றைக்கு நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகு நான் முதலில் தனியாகப் போய்ப் பார்க்காத இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

போகும்போது ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோங்கள். வாசல் முதலில். 90 சென்ரிமீற்றர் அகலம் இருந்தால் பெரும்பாலான சக்கர நாற்காலிகள் வசதியாகப் போகும். வாசலில் சின்னப் படி இருந்தால் அதன் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். சரிவுப்பாதை இருந்தால் உயரத்தையும் நீளத்தையும் பாருங்கள்: 1 அடி உயர 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. அதைவிடச் செங்குத்து என்றால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், தானே உருட்டிக்கொண்டு போகிறவருக்கு முடியாது.

அடுத்து மலசலகூடம். இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், திறந்திருக்கிறதா, படி இருக்கிறதா, கொமோட் உள்ளதா, கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்றெல்லாம் பாருங்கள். குந்தி இருக்கும் மலசலகூடம் மட்டும்தான் என்றால் முழங்கால் நோ உள்ளவருக்கு அந்த இடம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சரிவராது.

பிறகு பாதை. பலகைகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு? நாற்காலியின் முன்சில்லு சிறியது, ஊன்றுகோலின் நுனி அதைவிடச் சிறியது. உங்கள் பெருவிரல் அகலம் இடைவெளி இருந்தால் இரண்டுமே மாட்டலாம். ஆடும் பலகை, உடைந்த பலகை எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். சதுப்புப் பாதைகளில் பலகை மாற்றும் வேலை அடிக்கடி நடக்கும், சில பகுதிகளை மூடியிருப்பார்கள். போன வருடம் திறந்திருந்தது இந்த வருடமும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். நிழலில் இருக்கும் பலகையில் பச்சைப் பாசி படியும். அம்மா ஒருமுறை அப்படி ஒரு பலகையில் வழுக்கி என் தோளைப் பிடித்துத் தப்பினார். அன்று வெயில்தான் எரித்தது, முதல் நாள் மழையின் ஈரம் நிழலில் காயவில்லை.

வாங்கில் இருந்து வாங்குக்கு எத்தனை அடி நடை என்று எண்ணுங்கள். கடைசியாக, எந்த இடத்திலிருந்து திரும்பினாலும் வண்டி வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். வட்டப் பாதையில் சரிபாதிக்கு வந்துவிட்டால் முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒரே தூரம். மெதுவாகப் போகிறவர்களுக்குப் போன வழியே திரும்பும் பாதைதான் நல்லது, எந்த நிமிடத்திலும் திரும்பலாம்.

வாசலில் வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். அவர்கள் அளவுக்குப் பாதையை அறிந்தவர் வேறு யாரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் புதிதாக வந்து சிங்களம் பழகாதவர்களுக்கு மூன்று கேள்விகள் போதும். "ரோத புட்டுவ யன்ன புளுவன்த?" என்றால் சக்கர நாற்காலி போகுமா. "வெசிகிலிய கொஹெத?" என்றால் மலசலகூடம் எங்கே. "கூடெல்லோ இன்னவாத?" என்றால் அட்டை இருக்கிறதா. பதில் புரியாவிட்டாலும் கை காட்டுவார்கள், சிரிப்பார்கள், அநேகமாகக் கூடவே வந்து கேட்டைத் திறந்தும் விடுவார்கள். வசதி கேட்பதை யாரிடமும் இரப்பதாக நினைக்க வேண்டாம். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கேட்கிறவர் கூடும்போதுதான் கம்பிகள் அகலும்.

நான்காம் படி: நாளும் நேரமும்

ஜனவரி, பெப்ரவரி தான் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். குளிர்நாட்டுப் பறவைகள் வந்து தங்கும் காலமும் அதுதான். மார்ச், ஏப்ரலில் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இடியும் மின்னலும் வரும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் மழை மிக அதிகம், பலகைப் பாதைகளுக்கு அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் பலத்த மழை என்றால் நடையைத் தள்ளிப்போடுவதில் வெட்கம் இல்லை, எங்கள் வீட்டில் வருடத்தில் இரண்டு மூன்று முறை அப்படி நடக்கும்.

வருடம் முழுவதும் காலை ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடும். 7 மணிக்குப் பாதையில் கால் வைத்து 9 மணிக்கு வெளியே வந்துவிட்டால் வெயிலும் தெரியாது, சனமும் தெரியாது. வாசல் திறக்கும் நேரத்தை முன்னரே கேட்டு உறுதிசெய்யுங்கள். போயா தினத்திலும் நீண்ட விடுமுறையிலும் பூங்காக்கள் நிரம்பி வழியும். முகூர்த்த நாட்களில் கலியாணப் படம் எடுக்கிறவர்கள் பாதையின் அழகான முனைகளை எல்லாம் பிடித்துவிடுவார்கள், நாற்காலியோடு கடந்து போகக் காத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

ஐந்தாம் படி: போய்ச் சேருவது

பஸ்ஸின் முதல் படி உயரம். வயதானவருக்கும் சக்கர நாற்காலிக்கும் நடை அங்கேயே முடிந்துவிடும். தனியாக நல்ல காலோடு போகிறவர் கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை போகும் 177ஆம் இலக்க பஸ்ஸில் பத்தரமுல்லையில் இறங்கலாம். கூட்டமாக என்றால் பிக்மீ என்ற தொலைபேசிச் செயலியில் வான் பிடித்துப் பங்கு போடுவதே நல்லது. வண்டி கேட்கும்போதே மடிக்கும் நாற்காலி இருக்கிறது என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். ஓட்டோவிலும் மடித்து வைக்கலாம், ஆனால் பாட்டியும் பேரனும் நாற்காலியும் ஒரே ஓட்டோவில் நெருக்கியபடி போனால் போய்ச் சேரும்போதே எல்லோருக்கும் இடுப்பு பிடித்துவிடும். இரண்டு ஓட்டோ எடுங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆறாம் படி: பை

தண்ணீர் ஆளுக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர். மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் விடுகிற வயதானவர்கள் உண்டு, கவனியுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குக் குளுக்கோஸ் அல்லது நாலு இனிப்பு, வழக்கமான மருந்து. குடை ஒன்று, அது வெயிலுக்கும் ஆகும். சின்னத் துண்டு ஒன்று, ஈரமான வாங்கைத் துடைக்க. நுளம்பு மருந்து, பிளாஸ்டர், சுத்தமான பஞ்சுத்துணி, சவர்க்காரத் துண்டு. செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடிய, அடியில் பிடிப்புள்ள சப்பாத்துப் போடுங்கள். நாற்காலி தள்ளுபவருக்குக் கையுறை.

சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் கிழங்கு ரொட்டியும் பிளாஸ்கில் தேத்தண்ணியும். பொலித்தீன் வேண்டாம், வாழையிலையில் சுற்றுங்கள். குரங்கு உள்ள இடத்தில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டாம், சாப்பாடு கொடுக்கவும் வேண்டாம். கோட்டே, தலவத்துகொடைப் பக்கம் மரஉச்சியில் கறுத்த உடம்போடு ஒரு மந்தி தெரிந்தால் நின்று பாருங்கள். ஊதாமுக மந்தி இலங்கைக்கு மட்டும் உரியது, மேற்குக் கரையோரத்தில் வாழும் அதன் கிளையினம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. மதிலுக்கும் மின்கம்பிக்கும் நடுவே அது வாழப் பழகியிருப்பதைப் பார்க்க மனம் கனக்கும்.

ஏழாம் படி: பாதையில்

மெதுவாகப் போகிறவரை முன்னுக்கு விடுங்கள். அவர் பின்னால் வந்தால், மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு அவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. முன்னுக்கு விட்டால் அவர் வேகமே எல்லோரின் வேகம். அம்மா முன்னுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் எல்லோரும் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினோம்.

சக்கர நாற்காலி தள்ளுவதில் சில கைப்பழக்கம் இருக்கிறது. இடைவெளியோ சின்னப் படியோ வந்தால் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள், பெரிய சில்லு முதலில் ஏறும். மண் இளகிய இடத்தில் முன்சில்லைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, பின்சில்லுகளில் சாய்த்து உருட்டுங்கள். இறக்கத்தில் நீங்கள் கீழ்ப்பக்கமாக நின்று பின்னோக்கி இறக்குங்கள், இல்லாவிட்டால் அமர்ந்திருப்பவர் முன்னால் சரிவார். எதைச் செய்யுமுன்னும் அவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் சாய்த்தால் வயிற்றைப் பிசையும் என்று மருமகன் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சில்லுக்குக் காற்று முதல் நாளே அடித்துவிடுங்கள்.

கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது, தரையில் ஊன்றிய ஊன்றுகோலின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை, ஆகவே இறக்கத்தில்தான் கைத்தாங்கல் தேவை.

பார்வை குறைந்தவரோடு நடக்கும்போது அவருடைய கையை நீங்கள் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடிக்கட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். ஒடுங்கிய பலகையில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவர் தானாக உங்களுக்குப் பின்னால் வந்துவிடுவார். "படி", "பலகை முடியுது", "இடப்பக்கம் தண்ணி" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். காட்டின் பாதி சத்தத்தில்தான் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவுக்குப் பார்வை மங்கல். மரங்கொத்தி தட்டும் ஒலியை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் பிடிப்பார்.

சிறு பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஓரத்தில் கை விடாத விதி. தியவன்னாவைச் சுற்றிய நீர்நிலைகளில் முதலை உண்டு. கரையில் இறங்கி விளையாட விட வேண்டாம். ஓட ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஐந்து விதமான இலை பொறுக்கு, நிலத்தில் கிடப்பது மட்டும், பறிக்கக் கூடாது.

அட்டை, நுளம்பு, பாம்பு, மின்னல்

வடக்கிலிருந்து வரும் உறவுகளுக்கு அட்டை புதிது, கண்டதும் அலறுவார்கள். நகரப் பூங்காக்களில் அட்டைத் தொல்லை குறைவு, ஹொரகொல்லை, இங்கிரிய மாதிரி ஈரக் காடுகளில் நிச்சயம் உண்டு. காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, சப்பாத்தின் மேலே சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்கவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். மெல்லிய முனையின் கீழே நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கடித்த இடம் நெடுநேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பஞ்சுத்துணியால் அழுத்துங்கள். இரத்தத்தை மெலிதாக்கும் குளிசை எடுப்பவருக்கு இன்னும் கூடுதலாகக் கசியும், அவரை அட்டை உள்ள காட்டுக்குக் கூட்டிப்போகுமுன் அவருடைய டொக்டரிடம் கேளுங்கள்.

டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் மாலையிலும் அதிகம். நாம் நடக்கும் நேரமும் அதுதான். நீளக் கைச்சட்டையும் நுளம்பு மருந்தும் கட்டாயம்.

சருகில் குழிவிரியன் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. பாதையை விட்டு இறங்காமல், கை வைக்குமுன் பார்த்தால் போதும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், அந்த அவயவத்தை அசையவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கி விடுங்கள்.

இடி கேட்டால் நடை முடிந்தது. தனி மரத்தடியில், கோபுரத்தில், தண்ணீர் ஓரத்தில் நிற்காமல் கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். மெதுவாகப் போகிற கூட்டத்துக்கு அதற்கே நேரம் வேண்டும், ஆகவே வானம் கறுக்கும்போதே திரும்புங்கள்.

வீடு வந்த பிறகு

சப்பாத்தை வாசலில் கழற்றி, காலுறையைத் திருப்பிப் பாருங்கள், அட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும். சீனி வருத்தம் உள்ளவரின் பாதங்களை வெளிச்சத்தில் வைத்து விரலிடுக்கு வரை பாருங்கள். சின்னக் கொப்புளம்கூட அவருக்குப் பெரிய விஷயம். நாற்காலிச் சில்லில் ஒட்டிய சேற்றைக் காயமுன் கழுவுங்கள்.

அப்புறம் அந்தத் தாளை எடுத்து எழுதுங்கள். எங்கே நின்றீர்கள், எங்கே கஷ்டப்பட்டார்கள், எத்தனை நிமிடம் எடுத்தது, எந்தப் பலகை ஆடியது. எங்கள் வீட்டில் இந்த வேலை மருமகனுடையது. பெத்தகானவுக்குக் கடைசியாகப் போனபோது அவன் எழுதியது இது: "மூன்றாவது வாங்குக்குப் பிறகு பலகை சரி. அம்மம்மா நாலு இடத்தில் இருந்தா. நீலக் கோழி 6. பூனைத்தடம் இல்லை. அடுத்த முறை இன்னும் வெள்ளன வரவேணும்."